இடப்பக்கம் ஓர் அடி

பெரிய ஸ்கோப் வாங்குகிறவன் கரடியைப் பார்க்க வாங்குவதில்லை, சார்ஜன்ட் அம்மா. பக்கத்துப் படகுக்காரனுக்குக் காட்ட வாங்குகிறான். முப்பத்தோரு வருஷமாக இந்தத் துறைமுகத்தில் துப்பாக்கியும் தூண்டிலும் மழைக்கோட்டும் விற்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். துப்பாக்கிமேல் மாட்டும், பதினாறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைக் கையில் கொடுத்தால் எவன் முகமும் பூரித்துப்போகும். அதே ஆளை ஆல்டர் புதருக்குள் விட்டுப் பத்தடி தூரத்தில் ஒரு கரடியை எழுப்பிவிட்டால், அவனுக்குத் தெரிவது கரடி இல்லை, மயிர். ஜமுக்காளம் விரித்த மாதிரி ஒரே பழுப்பு மயிர். தலை எது, தோள் எது என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே கரடி அவனைத் தேடி முடித்திருக்கும்.

நீங்கள் நீட்டிய தாளை இரண்டு தடவை படித்துவிட்டேன். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ‘ஸ்கோப்பைப் பொருத்திய கடைக்காரர் நெல்ஸ் டோர்விக்கின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து.’ கீழே கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். ஏதோ ஓர் அபராதம், கண்டித்து ஒரு கடிதம், அத்தோடு சரி என்கிறீர்கள். என் மனைவி மார்த்தா ஹாலிபட் மீன் பொரித்து வைத்திருப்பாள். ஆறினால் அது செருப்புத்தோல். போகத்தான் ஆசை. ஆனால் அதில் ஒரு வார்த்தை இருக்கிறது. அதை அடிக்காமல் பேனாவைத் தொட எனக்கு மனசில்லை. ஏன் என்று சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.

ஹார்லன் பெஸ்க் எனக்கு இருபத்திரண்டு வருஷச் சிநேகிதன். இரண்டு நண்டுப் படகுக்குச் சொந்தக்காரன், சத்தமாகச் சிரிக்கிறவன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், உண்மைதானே. இந்த வருஷம் கரடி வேட்டைச் சீட்டு குலுக்கலில் அவன் பேருக்கு விழுந்தது. பதினோரு வருஷம் எழுதிப்போட்டு விழுந்த சீட்டு. ஆகஸ்டில் ஒரு மழை நாளில் கடைக்குள் வந்து, கோட்டைக்கூட உதறாமல் கவுண்டரில் சாய்ந்தான்.

“நெல்சு, இருக்கறதுலயே பெரிசா ஒரு ஸ்கோப் எடு.”

“எதுக்கு? நிலாவச் சுடப் போறியா?”

“கரடிடா. சீட்டு விழுந்திருக்கு, தெரியாதா?”

“கரடி நிலாவுல இல்ல. நீ உக்கார்ற பாறையிலருந்து ஓடைக்கு எழுபது தப்படி. நடந்து போயி அதுக்கு மூஞ்சி கழுவிவிட்டுட்டே வரலாம். உனக்கு எதுக்கு பதினாறு?”

“ரூடி பதினாறுதான் வச்சிருக்கான்.” ரூடி அவன் பெண்டாட்டியின் தம்பி.

“ரூடி இதுவரைக்கும் எதைச் சுட்டிருக்கான், சொல்லு.”

“ஒரு தடவ அவன் படகையே சுட்டான்.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு அவனை உட்காரவைத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். புகைபோட்ட சால்மன் மீனும் படகுக்காரர்கள் தின்னும் கெட்டி பைலட் ரொட்டியும் எடுத்துவைத்தேன். பாடம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

நான் ஸ்கோப் தேர்வு செய்யும் விதம் ஒன்று உண்டு. கம்பெனிக்காரன் அச்சடித்த காகிதத்தை முதலில் குப்பையில் போடுவேன். பிறகு ஆளைக் கண்ணை மூடச்சொல்லி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றச்சொல்லி, அப்புறம் கண்ணைத் திறக்கச் சொல்வேன். திறந்த கணத்தில் படம் வட்டமாக, முழுசாக, ஓரத்தில் கறுப்பில்லாமல் நிற்க வேண்டும். கோழி மாதிரிக் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டித் தேடினால் அந்த ஸ்கோப் அவனுக்கு ஆகாது. அடுத்தது, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரற்கடையாவது இருக்க வேண்டும். கரடித் தோட்டா உதைக்கிற உதையில் குறைந்த இடைவெளிக்காரனுக்குப் புருவத்தில் பிறை மாதிரி ஒரு வெட்டு விழும். இந்தத் தீவில் எத்தனை பேருக்கு அந்தப் பிறை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிரியாரை விட்டுவிடாதீர்கள்.

பிறகு தண்ணீர். ஐஸ் வாளியில் ஒரு மணி நேரம், உடனே வெந்நீரில் பத்து நிமிஷம். உள்ளே ஒரு பொட்டு ஆவி படிந்தாலும் அதைத் தூண்டிலில் குண்டாகக் கட்டத்தான் லாயக்கு. கடைசியாக வெளிச்சம். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் கடையின் பின்வாசலில் நின்று, எதிர்க்கரையில் கட்டிய படகுகளின் பேரைப் படிப்பேன். மட்டமான ஸ்கோப் பத்தே நிமிஷத்தில் குருடாகிவிடும். நல்லது அரைமணி தாங்கும். ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை மாறும் ஒரு ஸ்கோப் இருந்தது. மாட்டுக்கொம்பு மாதிரித் தடித்த குறுக்குக்கோடு. ஒரு மடங்கில் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்தபடியே சுடலாம். புதர் முழுக்கக் கண்ணுக்குள் வரும். அரைமணி கழிந்தும் ஹார்லன் அதில் தன் படகின் பேரைப் படித்தான். படகுக்கு அவன் மகள் பேர்.

“யோவ், பெயிண்ட் உரிஞ்சிருக்கறதுகூடத் தெரியுதுய்யா,” என்றான்.

“அதான் நாலு மடங்கு. பதினாறுல பாத்திருந்தா பெயிண்ட் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும், படகு தெரியாது.”

இதற்கு அவன் மூன்று முறை வந்தான். பதினோரு கப் காப்பி. சால்மன் கணக்கு வைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் செய்தேன், அதில் பொய்யில்லை. விலைச்சீட்டில் அறுநூற்று நாற்பது டாலர் என்றிருந்தது.

இங்கே என் அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் தோல் வியாபாரி. கண்ணி வைப்பவர்கள் கொண்டுவரும் நரித்தோலை, நீர்நாய்த்தோலை வாங்கி விற்றவர். ஒரு நரித்தோலுக்குக் காலையில் தொடங்கிய பேரம் சாயங்காலம் முடியும். நடுவில் இரண்டு தடவை வந்தவன் எழுந்து போவான், ஒரு தடவை அப்பா எழுந்து போவார். திரும்பி வந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். விலைச்சீட்டு என்பது பேச்சின் முதல் வரி, அவ்வளவுதான். பேரம் பேசுகிறவன் வாங்க வந்தவன். உன்னை ஆளாக மதிக்கிறவன். நீங்கள்கூட முதல் மழைக்கோட்டை என்னிடம்தான் எடுத்தீர்கள், நினைவிருக்கிறதா? பதினெட்டு டாலர் குறைத்தீர்கள், ஒரு ஜோடிக் கையுறையும் சேர்த்துக் கேட்டீர்கள். அன்றைக்கே மார்த்தாவிடம் சொன்னேன், இந்தப் பெண் தேறிவிடும் என்று.

ஹார்லன் பேரத்தைத் தொடங்குவான் என்று காத்திருந்தேன். அவன் ஐந்நூறு என்பான், நான் நெஞ்சில் கைவைப்பேன், ஐந்நூற்று எழுபதில் முடியும். கணக்கெல்லாம் மனசுக்குள் தயார். அவன் ஸ்கோப்பைக் கவுண்டரில் மெல்ல வைத்தான்.

“நல்லாருக்கு. யோசிக்கிறேன்.”

போய்விட்டான். இரண்டு வாரம் கழித்துத் தன் துப்பாக்கியும் ஓர் அட்டைப்பெட்டியுமாக வந்தான்.

“நெல்சு, அதே சாமான்டா! இன்டர்நெட்ல ஐந்நூத்தி எண்பத்தஞ்சு. வாசல்லயே கொண்டாந்து வச்சிட்டான். நீதான் மாட்டிக் குடுக்கணும். ஒங் கை மாதிரி வருமா?”

“கேட்டிருந்தா நான் ஐந்நூத்தி எழுபதுக்கே குடுத்திருப்பேனேடா.”

“அட நீ ஒண்ணு. சிநேகிதங்கிட்டப் போயி எவனாச்சும் பேரம் பேசுவானா? வெக்கமா இருக்காது?”

அவன் அதை உண்மையாகவே மரியாதை என்று நினைத்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் பழகியும் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள்.

இதற்காக ஒருவனைக் கொல்வார்களா என்று கேட்பீர்கள். மாட்டார்கள். நான் பைத்தியக்காரன் இல்லை. பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் வரச்சொன்னேன். அந்த வாரத்தில்தான் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வலைக்கடை ஓல்சன் வந்தான். கண்ணை மூடித் தோளில் ஏற்றினான், ஐஸ் வாளி கேட்டான், பின்வாசலுக்குப் போய்ப் படகு பேர் படித்தான். வாங்கவில்லை. பிறகு தபால்காரன். பிறகு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். அவர் கையோடு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார். ஏழு பேர். ஏழாவது ஆளைக் கேட்டேன்.

“யாருப்பா உன்ன அனுப்பினது?”

“ஹார்லன்தான். காப்பிக்கடைல எல்லாருக்கும் சொல்றாரே. நெல்ஸ்கிட்டப் போயி கத்துக்கங்கடா, அவர மாதிரி வாத்தியார் அலாஸ்காவுலயே கெடையாது, அப்பறம் வீட்டுல ஒக்காந்து மலிவா வாங்கிக்கங்கடான்னு. ஒங்களப் பத்திப் பெருமையாத்தான் பேசறாரு.”

பெருமையாகத்தான். அதை நான் மறுக்கவில்லை. என்னை ஒரு பள்ளிக்கூடமாக்கி, சம்பளம் இல்லாமல், தன் செலவும் இல்லாமல் ஊருக்கே திறந்துவிட்டான். கடைக்குள் எலி புகுந்தால் பொறி வைக்கிறோம். எலியிடம் கோபமா என்ன? எனக்கும் கோபம் இல்லை. கோபத்தோடு வேலை செய்தால் கை வழுக்கும், திருகின் தலை தேயும். என் பட்டறையில் தேய்ந்த திருகு ஒன்றைக்கூட நீங்கள் பார்க்க முடியாது.

சனிக்கிழமை காலையில் அவன் துப்பாக்கியை எடுத்து மாட்டினேன். கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், உங்கள் வார்த்தை அங்கேதான் அடிபடுகிறது. வளையங்களின் உள்பக்கத்தை எண்ணெய்போக்கித் துடைத்தேன். ஒவ்வொரு திருகையும் அளவு காட்டும் சாவியால் இறுக்கினேன். குறுக்குக்கோடு நிமிர்ந்து நிற்கிறதா என்று நூல்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தேன். பிறகு கல்குவாரிக்கு எடுத்துப்போய், ஐம்பது கஜத்தில் அட்டை நட்டு, என் தோட்டாவில் சுட்டுக் குறி சேர்த்தேன். கடைசி மூன்று ஓட்டையும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்குள். நட்ட நடு மையம். அதைவிடச் சுத்தமாக இந்தத் தீவில் யாரும் ஒரு ஸ்கோப்பை மாட்டியதில்லை.

அப்புறம் குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் பக்கத்திருகின் மூடியைக் கழற்றி, இடப்பக்கமாக நாற்பத்தெட்டு கிளிக் திருப்பினேன். அந்தத் தூரத்தில் ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம். வாய்விட்டு எண்ணினேன். மூடியைத் திரும்ப மாட்டினேன். மறுபடி மூன்று சுட்டேன். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, மையத்துக்கு இடப்பக்கம் ஓர் அடி.

ஏன் இடப்பக்கம்? அந்தப் பாறையில் மான் வேட்டைக்காக அவனோடு நான் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் ஓடை. கரடி கடலோரத்திலிருந்து ஏறி வரும். பாறையிலிருந்து பார்ப்பவனுக்கு எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் போகும். வலப்பக்கம் தள்ளி வைத்திருந்தால் தோட்டா மூக்குக்கு முன்னால் காற்றில் போயிருக்கும், கரடி ஓடியிருக்கும், அவன் வெறுங்கையோடு வந்து சிரித்திருப்பான். இடப்பக்கம் தள்ளினால் தோளுக்கு வைத்த குறி வயிற்றில் போய் உட்காரும். வயிற்றில் பட்ட கரடி சாகாது, ஓடவும் ஓடாது. புதருக்குள் போய்ப் படுத்துக் காத்திருக்கும். காயம்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வருகிறவனுக்கு இந்த ஊரில் யாரும் காப்பிகூட ஊற்றமாட்டார்கள். பின்னாலேயே போய் முடித்துவிட்டுத்தான் வரவேண்டும். ஹார்லன் போவான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொன்னேனே, நல்லவன்.

அவன் துப்பாக்கியை வாங்க வந்தபோது மார்த்தா அவனுக்காகப் பின்னிய குல்லாய் ஒன்றைப் போட்டிருந்தான். என் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு துப்பாக்கியின் விசையிலும் ஒரு மஞ்சள் அட்டை கட்டுவேன், ‘காட்டுக்குள் போகுமுன் மூன்று தோட்டா சுட்டுப் பார்’ என்று. அவனுடையதில் கட்டவில்லை. அவனே கேட்டான்.

“சுட்டுப் பாத்துக்கணுமாடா?”

“நான் சுட்டாச்சு. ஒரு தோட்டா ஆறு டாலர் விக்குது. எங் கைமேல சந்தேகம்னா சுட்டுப் பாரு.”

“சேச்சே, ஒங் கைமேலயா!” என்று என் தோளில் தட்டினான். மாட்டியதற்குக் கூலி முப்பத்தைந்து டாலர். எடுத்து நீட்டினான். வேண்டாம் என்றேன். சிநேகிதனாயிற்றே.

மீதி உங்களுக்குத் தெரியும், கூடப் போன ரூடி சொல்லியிருப்பான். நவம்பர் இரண்டாம் வாரம், காற்று அடங்கின ஒரு காலை. கரடி ஓடையோரமாக ஏறி வந்தது, இடமிருந்து வலமாக. அறுபத்தைந்து தப்படி தூரம். ஹார்லன் நிதானமாகத்தான் சுட்டானாம். கரடி ஒரு சுற்றுச் சுற்றித் தன் வயிற்றைத் தானே கடித்துக்கொண்டு ஆல்டருக்குள் போனது. அரைமணி காத்திருந்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். ஏழு தப்படி தூரத்தில் கரடி எழுந்ததாம். ஹார்லனுக்கு இன்னொரு தடவை சுட நேரமில்லை. ரூடி தோளில் ஏற்றிப் பார்த்திருக்கிறான். பதினாறு மடங்கு ஸ்கோப்பில் மயிர் மட்டுந்தான் தெரிந்தது என்று உங்களிடம் அழுதானாம். கரடி எது, தன் அத்தான் எது என்று தெரியாமல் சுடப் பயந்து, வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறான். பாவம். அந்த ஸ்கோப்பும் என்னிடம் வாங்கியதில்லை.

அடக்கத்துக்கு நானும் போனேன். சவப்பெட்டியைத் தூக்கியதில் இடப்பக்கக் கைப்பிடி என்னுடையது.

அப்புறம் நீங்கள் அந்தத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தீர்கள். கெட்டிக்காரத்தனம், வேறு போலீஸாக இருந்தால் விழுந்ததில் ஸ்கோப் இடம்மாறிவிட்டது என்று எழுதி மூடியிருப்பார்கள். நீங்கள் சுட்ட குறி அட்டையை இன்று காலை எனக்கும் காட்டினீர்கள். மூன்று ஓட்டை, ஒரு பொத்தான் அகலத்துக்குள், இடப்பக்கம் ஓர் அடி. கரடி மேலே விழுந்து, பாறையில் மோதி, இரண்டு நாள் மழையில் கிடந்த பிறகும் ஒரு மயிரிழை நகரவில்லை. அதைப் பார்த்துவிட்டா ‘கவனக்குறைவு’ என்று எழுதினீர்கள்? கவனக்குறைவானவன் மாட்டிய ஸ்கோப் அட்டை முழுக்கப் பொரி இறைத்த மாதிரி சிதறும் அம்மா. இது கவனம். முப்பத்தோரு வருஷக் கவனம்.

உங்கள் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் என் பிழைப்புக்குக்கூட நல்லதுதான். ஒரு வருஷம் முணுமுணுப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். இன்று காலை வரைக்கும் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் ரூடி சொன்னதில் கடைசித் துண்டு ஒன்றை நீங்கள் படித்துக் காட்டினீர்களே, அதற்கப்புறம் முடியவில்லை. முதல் தோட்டா வயிற்றில் பட்டதும் ரூடி கேட்டானாம், “அத்தான், ஸ்கோப்பு கோளாறா இருக்குமோ? உள்ள போவேணாம், திரும்பிடுவோம்.” அதற்கு ஹார்லன், “நெல்ஸ் மாட்டினதுடா அது, தப்பாப் போவாது. எங் கைதான் ஆடிருச்சு, வா,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தானாம்.

அப்போது எனக்குக் கண் கலங்கியது. நீங்கள் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்து, துக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். கண் கலங்கியது வேறு எதற்கோ. இந்த ஊரில் ஏழு பேர் என்னிடம் வந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினார்கள்; இவன் ஒருவன்தான், வாங்கியது எங்கேயானாலும், என் வேலையை அப்படி நம்பினான்.

ஆகவே பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘நாற்பத்தெட்டு கிளிக், எண்ணி, தெரிந்தே, அவன் சாகவேண்டும் என்று’ என்று எழுதுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன். நெல்ஸ் மாட்டினது தப்பாகப் போகாது என்று சொல்லிவிட்டுச் செத்தவன் அவன். இருபத்திரண்டு வருஷச் சிநேகிதனின் கடைசி வார்த்தையைப் பொய்யாக்கி, அவனுக்குத் துரோகம் செய்ய என்னால் ஆகாது.